அந்தோணியும் வேனில் எரிந்த ஒயரும்

கணக்கெழுதும் கிராணி ஆள் அனுப்பி என்னைத் தோட்டத்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். தானா ராத்தா டவுனிலிருந்து மேரி பேசினாள். "பெரியப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். "எந்த அப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவளுடைய அப்பா என் கூட்டாளி அந்தோணி என்பது எனக்குத் தெரியாதா? ஆறு ஆண்டுகளாக அவனோடு எனக்குப் பேச்சில்லை.

இந்த மலையில் இருக்கும் உங்களில் பலருடைய காரில் பாடுவது அவன் மாட்டிய ஸ்பீக்கர்தான். அவனுடைய நல்லதையும் சொல்கிறேன், எனக்குச் செய்ததையும் சொல்கிறேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஒயர்மேன். யாரிடமும் படித்ததில்லை, இயந்திர மூடிகளில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்தே கற்றேன். அந்தோணி ரேடியோ கடையில் இருந்தான். ஞாயிறு பூசை முடிந்து அவன் வந்ததும் இருவரும் கார்களுக்கு ஆம்பிளிபையர் மாட்டுவோம். டார்ச்லைட் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டு, அதன் காகிதம் முன்னால் துள்ளுகிறதா என்று பார்ப்பான். "நாலு ஸ்பீக்கரும் ஒண்ணா மூச்சு விடணும்ணே, இல்லன்னா பாட்டு செத்துரும்" என்பான். எது பிளஸ், எது மைனஸ் என்பதற்கு ஒயரின் நிறத்தைப் பார்த்தாலே போதும் என்று நான் வாதாடினேன். அவன் சொன்னதுதான் சரி. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கியா பார்ம் காய்கறி வியாபாரி முத்தையாவின் மகளுக்கு ஈப்போவில் கல்யாணம். வழியெல்லாம் வேனில் பாட்டு ஓட வேண்டும் என்றார். ஆம்பிளிபையரைச் சீட்டுக்கு அடியில் வைத்தோம். பேட்டரியிலிருந்து ஒயர் உள்ளே வர என்ஜின் தகட்டில் துளை போட்டோம். துளைக்கு ரப்பர் வளையம் மாட்டுவது அவன் வேலை, பியூஸ் என் வேலை. தொழிற்சாலையில் பியூஸ் பெட்டி இயந்திரத்தின் பக்கத்தில், கைக்கு எட்டும்படி இருக்கும். அப்படியே சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

"பேட்டரிகிட்ட வைங்கண்ணே" என்றான்.

"பாட்டு நின்னா மழையில பானெட்ட தொறந்துகிட்டு நீ நிப்பியாலா?"

"சரிங்க துரை!" என்று சிரித்தான்.

தாப்பா போகும் மலைப்பாதை வளைவுகளில் தகட்டின் விளிம்பு ஒயரின் உறையை அறுத்துவிட்டது. ஒயர் முழுக்க எரிந்து புகை கிளம்பியது. யாருக்கும் காயமில்லை. பட்டுச்சேலையோடு கல்யாணப் பெண் முட்டைக்கோஸ் லோரியில் ஏறிப் போனாள். அறுந்த இடம் பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில், பியூஸ் தப்பான முனையில் இருந்ததால் தடுக்கவில்லை என்றார்கள். ரப்பர் இருந்திருந்தால் பியூஸுக்கு வேலையே வந்திருக்காது என்கிறேன் நான்.

மறுவாரம் பிரிஞ்சாங் சந்தையில் முத்தையா எல்லார் முன்னாலும் கத்தினார். "எவன்டா அந்த ஒயர இழுத்தது? கல்யாணப் பொண்ணு கோஸோட கோஸா போய் எறங்குனாடா!"

நான் வாய் திறப்பதற்குள் அந்தோணி சொன்னான்: "நான்தான் மாமா. அண்ணன் மேல தப்பில்ல."

'நான்தான்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பற்றி யார் கேட்டார்கள்? அவன் அப்படிச் சொன்னதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னைக் காப்பாற்றுகிறான் என்றே நினைத்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் என்னைக் கார் வேலைக்குக் கூப்பிடவில்லை. "ரப்பர மாட்டினியா, இல்லியா?" என்று அவனைக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றான். அன்றோடு பேச்சை விட்டேன்.

அடக்கம் முடிந்ததும் அதே கேள்வியை மேரியிடம் கேட்டேன். சாவு வீட்டில் கேட்கக்கூடாதுதான். கேட்டேன்.

"சில நாளு மாட்டினேன்னு சொல்வாரு பெரியப்பா, சில நாளு மறந்துட்டேன்னு சொல்வாரு. அவருக்கே தெரியல" என்றாள் மேரி. "ஆனா அதுக்கப்புறம் எல்லாக் காடிலயும், காரோ வேனோ, ரெண்டு பியூஸ் வச்சாரு. பேட்டரிகிட்ட ஒண்ணு, சீட்டுக்கடியில ஒண்ணு. ஏம்பான்னு கேட்டா, சீட்டுக்கடியில இருக்கிறது அண்ணனுக்கும்மா, அப்படிம்பாரு."

அது கேலியா, மரியாதையா? பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்; இன்னும் யோசிக்கிறேன். பியூஸைப் பற்றிய என் முடிவில் மாற்றமில்லை. ஆனால் தான் செய்ததா என்று தனக்கே நிச்சயமில்லாத தவறை ஒருவன் எப்படி அத்தனை பேர் முன்னால் தன்னுடையது என்று சொல்வான்? எனக்குப் புரியவில்லை. அந்தோணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் புரியாமைதான். அதை வேறு யாரும் வந்து எனக்கு விளக்க வேண்டாம்.