பேர் வாசிக்காமல் கப்பல் எடுக்க மாட்டான்

கப்பல் மாமா போய்விட்டார்... இன்று விடியற்காலை, பாச்சாங் வீட்டில், தூக்கத்திலேயே.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் தாமான் குடியிருப்பு வாட்சப் குரூப்பில் அவர் மகள் சரோ, "அப்பா போயிட்டாரு" என்று போட்டிருந்தார். அரைத்தூக்கத்தில் இருந்த நான், மனுஷன் வழக்கம்போல் எங்கோ கிளம்பிவிட்டார் என்று நினைத்து, "இந்தத் தடவையாவது டைமுக்குத் திரும்பி வரச் சொல்லுங்க" என்று பதில் போட்டுவிட்டேன். கூடவே சிரிக்கும் பொம்மை வேறு.

டிலீட் செய்வதற்குள் பாதித் தாமான் பார்த்துவிட்டது. சரோ மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியும், நான் எந்தக் கதையைச் சொன்னேன் என்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அசல் பேர் முனியாண்டி. லூபோக் சீனா பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர், பிறகு பாச்சாங் பாசாரில் காவல் வேலை.

முப்பதுகளில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பலில், நடுக்கடலில் பிறந்தவர். கோப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரன் தெரியாமல் திரும்பிப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "எனக்கு ஊரு கெடையாது லா. தண்ணிதான் ஊரு."

சில வருஷம் முன்பு தாமான்காரர்கள் சேர்ந்து போர்ட் கிள்ளானில் உல்லாசக் கப்பல் ஏறினோம். பினாங்கு, பூக்கெட், திரும்ப வீடு. சரோவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவை என் கையில் ஒப்படைத்தார்.

"அண்ணே, அப்பாவத் தனியா விட்றாதீங்க. கடலப் பாத்தா ஆளு வேற மாதிரி ஆயிடுவாரு."

யாரை நம்பி ஒப்படைத்தார் பாருங்கள். கப்பலில் முதல் நாளே என் கேபின் எதுவென்று தெரியாமல், யாரோ ஒரு சீனக் கிழவரின் கதவில் கார்டைத் தேய்தேய் என்று தேய்த்தவன் நான்...

கப்பல் கிளம்புமுன் எல்லாரையும் டெக்கில் கூட்டினார்கள். ஆபத்து வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதற்கு. மஸ்டர் என்றார்கள். மாமாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"மஸ்டருன்னா நம்ம பெரட்டு, தம்பி."

எஸ்டேட்டில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கிராணி பேர் வாசிப்பாரே, அந்தப் பெரட்டு. சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டு, முதல் ஆளாகப் போய் நின்றார். பேரை வாசித்ததும் "இருக்கேன்" என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்போது நன்றாகச் சிரித்தேன். அந்தப் பெரட்டுதான் பூக்கெட்டில் என் உயிரை வாங்கியது.

ஐந்து மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினார்கள். நான் பாசாரில் யானைப்படம் போட்ட ஒரு காற்சட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா இல்லை.

அவரிடம் கைப்பேசி கிடையாது. பாஸ்போர்ட் கேபினில். நெஞ்சுவலி மாத்திரையும் கேபினில். சட்டைப்பையில் கப்பல் கார்டு மட்டும்...

கடை கடையாக ஓடினேன். சரோவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே ஓடினேன். ஒரு வாக்கியமும் அமையவில்லை.

கடைசியில் மீன்கடைகளுக்குப் பின்னால், கடற்கரையில் கண்டுபிடித்தேன். வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். எதிரே வெற்றிலை ஒன்று மிதக்கிறது, நடுவில் பாக்கு.

"மாமா, கப்பல் எடுக்கப் போறான்."

"எடுக்க மாட்டான்."

"அஞ்சு மணிக்குக் கதவச் சாத்திருவான் மாமா."

"பேர் வாசிக்காம எப்படிறா எடுப்பான்? வாசிச்சா நான் இல்லன்னு தெரியுமில்ல. ஆள் அனுப்புவான்."

ஐயா, அந்த ஆளே நான்தான் என்று கத்தத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன். கத்த முடியவில்லை.

"எங்கம்மாவுக்கு இந்தத் தண்ணியிலதான் வலி வந்துச்சு தம்பி. டாக்டரு இல்ல, மறைவு இல்ல. அவங்களுக்கு ஒரு வெத்தல வைக்கணும்னு இவ்ளோ நாளு... வச்சா திரும்பித் திரும்பி வருது பாரு. வாங்க மாட்டேங்குறாங்க."

அலை வெற்றிலையை மறுபடி அவர் காலடியில் கொண்டுவந்து போட்டது. தூரத்தில் எங்கள் கப்பல் ஊதியது.

நான் வெற்றிலையைப் பறித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தேன். இடுப்பு, நெஞ்சு... அலை உடையும் இடம் தாண்டி வெற்றிலையை மிதக்க விட்டேன். போனது. பையில் இருந்த என் கைப்பேசியும் அன்றோடு போனது.

கரையேறினால் மாமா கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார். கடலைத்தான். என்னை இல்லை.

ஒரே மோட்டார் சைக்கிள். ஓட்டுநர், நடுவில் மாமா, பின்னால் சொட்டச் சொட்ட நான். கப்பல் துறையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்க்கதவு மட்டும் பாதி திறந்திருக்க, பிலிப்பைன்ஸ் காவலாளி கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறான்.

மாமாவின் கார்டை இயந்திரத்தில் வைத்தான். டிங் என்றது.

மாமா நிமிர்ந்து நின்றார். "இருக்கேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியா? வாசிச்சுட்டான்."

போய்ட்டு வாங்க மாமா... அங்கேயும் வாசிப்பாங்க. சத்தமாச் சொல்லுங்க.

இன்று மதியம் அவர் அக்கா லூபோக் சீனாவிலிருந்து வந்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு இந்த வெற்றிலைக் கதையைச் சொல்லி அழுதேன். பொறுமையாகக் கேட்டார்.

"கப்பல்ல பொறந்தது நான், தம்பி. இவன் எஸ்டேட்டு லயத்து வீட்டுல பொறந்தவன். சின்னப்புள்ளையில ஒரு கொத்து ரம்புத்தான் பழம் குடுத்து அந்தக் கதைய எங்கிட்டேருந்து வாங்கிக்கிட்டான்."