வசனமில்லாத நாலு மாதம்

என் தோழி நாவற்குடாவில் கலியாண வீடியோ எடுப்பவள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். வாரம் முழுக்க மாப்பிள்ளையையும் பெண்ணையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், சனிக்கிழமை பின்னேரங்களில் தனக்குப் பிடித்த பழைய ஜப்பானியப் படங்களைப் போடுவாள். தன் வீட்டு ஹோலின் யன்னல்களைப் படுக்கை விரிப்புகளால் மூடிவிட்டு, சுவரில் படம் விழுத்துவாள். பார்க்க நாங்கள் ஆறேழு பேர் போவோம். மெதடிஸ்த கோயிலில் ஓர்கன் வாசிக்கும் ரீச்சர் ஒருவர் தவறாமல் வருவார். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கணவர் தோணி எஞ்சின் திருத்துகிறவர். மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து என்னை இறக்கிவிட்டு, படம் முடியும்போது வந்து கூட்டிக்கொண்டு போவார்.

ஒரு சனிக்கிழமை, நாவலொன்றிலிருந்து எடுத்த படம் போட்டாள். அந்த நாவலை நான் ஆங்கிலத்தில் வாசித்திருந்தேன். புருஷனை விட்டுப் போவதென்று முடிவெடுத்த ஒருத்தி, துணிமூட்டை கட்டிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு பக்கம் யோசிப்பாள். படத்தில் அவள் மூட்டையைக் கட்டினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். வெளியே கொடியில் ஒரு சட்டை காற்றில் ஆடியது. அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவள் நினைச்சதெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"முடிச்ச அவிழ்த்தாள்தானே கா, நீ பார்க்கல்லையா?" என்றாள் தோழி.

அடுத்த கிழமை அவளே என்னிடம் கதை கேட்டு வந்தாள். நான் எழுதிய ஒரு சிறுகதையைக் குறும்படமாக எடுக்க வேண்டுமாம். அது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் மனைவியும் நாலு மாதம் பேசாமல் ஒரே வீட்டில் இருந்த கதை. உண்மையில் அது எங்கள் கதை. மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, வேலைக் கொட்டில் போடுவதற்காக வாசலில் நின்ற மாமரத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கணவர் வெட்டிவிட்டார். நான் பேச்சை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். "அம்மாட்டச் சொல்லு, உப்புக் காணாது" என்று மகள் வழியாகத்தான் வீட்டில் எல்லாம் நடந்தது. மகள் காய்ச்சலில் விழுந்த ஒரு நாள், வேறு வழியில்லாமல் இருவரும் பேசினோம். மரத்தைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகும் பேசவில்லை.

கதை எங்களுடையதென்று தோழிக்குத் தெரியும். கணவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பேப்பர் வாசிப்பார், எஞ்சின் புத்தகம் வாசிப்பார். கதை வாசிக்கமாட்டார்.

பதினொரு பக்கக் கதையை நாலு பக்கமாக்கித் தோழி கொண்டுவந்தாள். நான் என் வசனங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. 'அந்த வீட்டில் மௌனம் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அதையும் காணவில்லை.

"இத எங்க கா கமராவ வெச்சு எடுக்கிற?" என்று கேட்டாள்.

ஒரு கிழமை அவளோடு நான் பேசவில்லை. எட்டாம் நாள் அவளே ஃபோன் எடுத்தாள். "புருஷனுக்கு நாலு மாசம், எனக்கு ஒரு கிழமைதானா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எடு என்று சொல்லிவிட்டேன்.

பெரியகல்லாற்றில் வாவிக்கரையோரம் அவளுடைய மாமி வீட்டில் படப்பிடிப்பு. மனைவியாக ஓர்கன் ரீச்சர் நடித்தார். வாத்தியாராக நடிக்க இருந்தவர் அன்று காலை காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். சாமான்களை ஓட்டோவில் ஏற்றி வந்திருந்த என் கணவரைத் தோழி பார்த்தாள்.

"அண்ணன், அந்தக் கதிரையில கொஞ்சம் இருங்க. வெளிச்சம் பார்க்க வேணும்."

அவர் போய் இருந்தார். கமராவுக்குள் பார்த்தவள் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பேப்பரைப் பிடித்துக்கொண்டு, எதையும் காட்டிக்கொள்ளாமல், அவர் அவராகவே இருந்தார்.

"எனக்கு நடிக்கத் தெரியாது தங்கச்சி," என்றார்.

"அதுதான் வேணும்," என்றாள் அவள்.

மனைவி மழையில் நனைந்து வீட்டுக்கு வரும் காட்சி. மழைக்கு இரண்டு பேர் கூரையில் தண்ணீர் ஊற்றினார்கள். மனைவி குடையைச் சுருக்கி வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, ஒன்றும் பேசாமல் உள்ளே போக வேண்டும். புருஷன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இரண்டு தரம் எடுத்தும் தோழிக்குத் திருப்தி இல்லை. மூன்றாம் தரம் ரீச்சர் உள்ளே போனதும் என் கணவர் எழும்பினார். குடையை எடுத்து உதறி, விரித்து, மூலையில் வைத்தார். செருப்புகளைத் தண்ணீர் வடியும்படி சுவரில் சாய்த்தார். திரும்பவும் கதிரையில் இருந்து பேப்பரை எடுத்தார்.

தோழி கமராவை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள். "ஏன் அண்ணன் எழும்பின நீங்க? பேப்பர் வாசிக்கத்தானே சொன்னன்?"

"அப்ப இப்பிடித்தான் நடந்த," என்றார் அவர். "ஈரக் குடையச் சுருக்கி வெச்சா கம்பி கறள் பிடிக்கும்."

"எப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். "மாமரம் வெட்டின வருசம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய்க் குசினியில் நின்றேன். அந்த மாரி முழுக்க, ஒவ்வொரு நாள் காலையும் என் குடை காய்ந்திருந்தது. மகள்தான் விரித்து வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கதையிலும் அப்படியே எழுதியிருந்தேன். கண்டியில் படிக்கிற மகளுக்கு அங்கே நின்றபடியே ஃபோன் எடுத்துக் கேட்டேன். "நானா? அந்தப் பெரிய குடைய விரிக்க எனக்கு அப்ப பலமே இல்ல அம்மா," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம் கேட்டேன். "அது எங்கட கதையெண்டு எப்பிடித் தெரியும்?"

"நீ உன்ட கூட்டாளிக்கு ஃபோனில வாசிச்சுக் காட்டக்குள்ள கேட்டுட்டுத்தான் இருந்தன்."

"ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"நல்லாத்தானே எழுதியிருந்த." கல்லாற்றுப் பாலம் தாண்டினோம். பிறகு, "கேக்காம வெட்டினது பிழைதான்," என்றார். பதினாலு வருடத்தில் முதல் தடவை. நானும் என் பங்குக்கு, நாலு மாதம் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது என்றேன்.

படம் ஒன்பது நிமிடம். ஒரு சனிக்கிழமை தோழி வீட்டுச் சுவரில் அதைப் பார்த்தோம். குடை விரியும்போது ரீச்சர் கண்ணைத் துடைத்தார். என் வசனம் ஒன்றுமில்லை என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அந்தச் சிறுகதை ஒரு புத்தகத்தில் வரப்போகிறது. குடை பற்றிய வரியைத் திருத்தலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன். கதை முழுக்க அந்த மனைவியின் மனசுக்குள் நடக்கிறது. யார் விரித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதுதானே. கமரா வாசலிலேயே நின்றபடியால் அதற்குத் தெரிந்துவிட்டது.

இப்போதெல்லாம் என் கணவர் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போவதில்லை. வாள்சண்டைப் படமென்றால் முன்னுக்குக் கதிரை பிடித்துவிடுகிறார். படத்தின் கீழே ஆங்கில எழுத்து வேகமாக ஓடுவதால் நான் காதுக்குள் தமிழில் சொல்வேன். போன கிழமை, ஒரு தகப்பனும் மகனும் ஒன்றும் பேசாமல் சோறு தின்னும் காட்சியில் ஏதோ விளக்கப் போனேன்.

"சொல்லாத," என்றார். "விளங்குது."