கம்பியில் இறங்கிய நஸ்மியே

துருக்கியின் கருங்கடல் ஓரத்தில் இருக்கும் எங்கள் ரீஸே மாகாணத்தில் சமதளம் என்றால் கடல்தான். கரையை விட்டு நாலடி வைத்தால் மலை தொடங்கிவிடும். அதில் தேயிலை, தேயிலைக்கு மேல் காடு, காட்டுக்கு மேல் மேகம். ஆண்கள் ரொட்டிக்கடை வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள். மலையில் விளைவதைச் சுமப்பது பெண்கள். பல தேசம் சுற்றிவிட்டு, போன வசந்தத்தில்தான் நான் திரும்பினேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், மலையடியில் பச்சை இலை வாங்கும் கொட்டகையில் மூட்டை இறக்கப் போனேன். நஸ்மியே அத்தையின் கதை அங்கேதான் எனக்கு முழுதாகக் கிடைத்தது.

அவள் கணவர் ரசிம் இஸ்தான்புல்லில் ரொட்டி சுட்ட காலமெல்லாம், இங்கே அவள் தனியாளாகப் புதர் வெட்டிச் சரிவில் தேயிலை வைத்தாள். நடக்க முடியாத மாமியாரைக் கூடையில் உட்காரவைத்து, முதுகில் கட்டிக் கடற்கரை வரை இறக்கியவள்.

பிறகு ரோடு வந்தது. கொட்டகையைத் தாண்டி மேல்வீடுகளுக்குப் போக, அவள் தோட்டத்தின் ஓரத்தை அது கேட்டது. எல்லோரும் சம்மதித்தார்கள், அவள் மட்டும் மறுத்தாள். கரையில் குடியிருந்த அவளுடைய அண்ணன் கியாசிம் எடுத்துச் சொல்ல மலையேறி வந்தார். ஒரு குவளை தேநீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் எதிரிக்குக்கூட யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அவள் சொன்னதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்: "நடக்க முடியாதவங்க கீழ போய்க் குடியிருங்க. எனக்கு முதுகு இருக்கு."

ரோடு கொட்டகையோடு நின்றது. அன்றிலிருந்து மேல்வீடுகளின் இலையும் மாவும் எரிவாயு உருளையும் இரும்புக் கம்பியில் தொங்கும் பெட்டியில்தான் ஏறி இறங்குகின்றன. அது மூட்டைக்கான பெட்டி, வழியில் அவள் தோட்டத்து மேட்டிலும் நின்று போகும். மனிதர் ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கப் பார்க்கும், பேசும். மேல்வீட்டுக் குலிஸார் ஒரு பனிக்காலத்தில் பிரசவ வலியோடு அதில் இறங்கினாள். பெட்டி தன் தலைக்கு மேலே போனதை நஸ்மியே முற்றத்தில் நின்று பார்த்தாளாம். மறுநாளும் அவள் மனம் மாறவில்லை.

இந்தக் கோடையில் அவளுடைய முழங்கால் விட்டுவிட்டது. அடுத்து வந்த மழையில் மண் சரிந்து ஒற்றையடிப் பாதையும் போனது. அந்த நேரத்தில்தான் கியாசிமுக்கு முடியவில்லை, இன்றைத் தாண்டமாட்டார் என்று செய்தி வந்தது.

அவளைக் கம்பளியில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினால் சரிவைச் சுற்றிக் காட்டுவழியே இறக்கிவிடலாம். அந்த நாலு பேரும் மேல்வீட்டு ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். இஸ்தான்புல் வேலையை விட்டு வந்துவிட்டிருந்த ரசிம் அவர்களைக் கேட்கப் புறப்பட்டபோது அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"கேட்டா வருவாங்க. அதுதான் எனக்குத் தாங்காது," என்றாளாம்.

ரசிம் எனக்குப் போன் செய்தார். அடுத்த பெட்டியில் அவள் வருகிறாள், கம்பிப் பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள் என்றார். ரொட்டிக்கடை மாவுத்தூசி தின்ற நுரையீரல், பேசும்போதே இழுத்தது. நான் என்ன செய்ய? இலை வாங்கும் நேரம், மலையின் பெண்கள் எல்லோரும் காட்டுவழியே இறங்கி வந்து, மூட்டையோடு அங்கேதான் இருந்தார்கள்.

மூடுபனிக்குள்ளிருந்து பெட்டி வந்தது. மூட்டைகளுக்கு நடுவில் அவள் சுருண்டு படுத்திருந்தாள், முகத்தை முக்காடு மூடியிருந்தது. வெளியே தெரிந்த ரப்பர் செருப்பை வைத்தே எல்லோரும் ஆளைக் கண்டுகொண்டார்கள். ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "முதுகு வருதா, மூட்டை வருதா?"

யாரோ சிரித்தார்கள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கடி," என்றாள் குலிஸார்.

அத்தனை பேரும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் பார்த்துச் சிரித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எனக்கே எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

குலிஸார்தான் கொக்கியைக் கழற்றினாள், தோள் கொடுத்தாள். நஸ்மியே அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த ஓரத்தை ரோட்டுக்கு எடுத்துக்கச் சொல்லு. தேயிலையோட எடுத்துக்கட்டும்."

"அந்த ரோட்ட அடுத்த பள்ளத்தாக்குக்குக் குடுத்து வருஷமாச்சுக்கா. தலையக் குனிஞ்சுக்க, கம்பி இடிக்கும்."

இருவருமாக அவளை வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனோம். கியாசிமுக்கு நினைவு இருந்தது. கட்டிலோரம் அவளை உட்காரவைத்ததும், பாதைதான் போய்விட்டதே, எப்படி வந்தாய் என்று கேட்டார்.

"நடந்துதான்ணே," என்றாள்.

குலிஸார் தரையைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் கையை நீட்டி, அவள் தோளில் ஒட்டியிருந்த பச்சைத் தேயிலைக் கொழுந்து ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"கால் வலிச்சிருக்குமே," என்றார்.

அவள் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள்.