ஏழாம் பாடம் நின்ற இடம்

பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பாள், அணைத்த அடுப்பை மறுபடி எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு ‘இன்னொருதரம்’ என்று பட்டப்பெயர் வைத்தவர் கணவர்தான். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து கொடுப்பது இருவருக்கும் தொழில். வாசிப்பது அவர், கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவள்.

விடிந்தால் பரீட்சை. மாலைக்குள் கடைசிப் பாடத்தைப் பதிந்து, எல்லாப் பாடங்களையும் மாணவர் விடுதிக்கு அனுப்பியாக வேண்டும். நேரம் பார்த்துப் பதிவறையின் லினக்ஸ் கம்ப்யூட்டர் கழுத்தறுத்தது. காலையில் அதைப் புதுப்பித்ததில் ஒலியைப் பதியும் சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழையதாகி ஒத்துப்போகாமல், அப்படியொரு கார்டு இருப்பதையே அது மறந்துவிட்டது.

அதற்கு அவள் இணையமே கொடுக்கவில்லை. கண்டதெல்லாம் உள்ளே நுழைந்துவிடுமாம். முன்னறைக் கம்ப்யூட்டரில் புதிய டிரைவர் பேக்கேஜை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, வழக்கம்போல் அது கெடாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டாள். தயாரித்தவர்கள் கொடுத்திருந்த எண்வரிசை ஒன்று, இங்கே வந்தது வேறொன்று. திரும்ப இறக்கியும் பொருந்தவில்லை.

"ஏதோ ஒரு புள்ளி மாறியிருக்கும். போட்டுத்தான் பாரேன்," என்றார் கணவர்.

"ஒரு புள்ளி மாறினாலே மொத்த வரிசையும் மாறிடும்ங்க. என்ன கெட்டிருக்குன்னு தெரியாம எப்படிப் போடறது?"

"விடுதி வண்டிக்காரர் வேற வாசல்ல உக்காந்திருக்கார்."

"உக்காரட்டும்."

முன்னறைக்குப் போய் அங்கேயே கணக்கிட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. அங்கே நன்றாயிருந்தது இங்கே வருவதற்குள் கெட்டதென்றால், குற்றவாளி பென்டிரைவ்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். விடுதிக்கு அனுப்ப மற்ற பாடங்களைக் காலையில் ஏற்றி வைத்ததும் அதே பென்டிரைவில்தான். வெளியிலிருந்து வரும் எதையும் சரிபார்ப்பவள், கணவரின் குரலை மட்டும் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

பென்டிரைவை முன்னறைக் கம்ப்யூட்டரிலேயே செருகி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். ஏழாம் பாடத்தில், "இதயத்தின் வலது அறையிலிருந்து ரத்தம்" என்பதோடு அவர் குரல் நின்றது. பிறகு வெறும் இரைச்சல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்களே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

புதுப் பென்டிரைவைப் பிரித்தாள். இந்த முறை எண் பொருந்தியது, டிரைவரும் ஏறியது. மைக்கில் அவர் செருமியதும் திரையில் பச்சைக் கோடு துள்ளியது. கடைசிப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தார். முன்பு பதிந்த பாடங்களின் மூலங்கள் பதிவறையில் பத்திரமாக இருந்ததால், எல்லாவற்றையும் புதிதாக நகலெடுத்து, ஒன்றுவிடாமல் சரிபார்த்துத்தான் வண்டிக்காரரிடம் கொடுத்தாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படிச் சரிபார்த்தியா?"

"பார்த்தேனே."

"பொருந்துச்சா?"

"ஒண்ணுகூடப் பொருந்தல. இந்தக் குரலக் கேட்டுட்டு, கண்ண மூடிக்கிட்டு சரின்னுட்டேன்."