தந்தையின் தொழில்: விவசாயம்

தொழில் வழிகாட்டும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் திறமை அல்ல. வணிகவியல் வாத்தியாருக்குக் கம்பெனிகளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று தலைமை ஆசிரியர் நினைத்துவிட்டார். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பக்கம் எங்கள் அரசுப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

முதல் வாரம், உலகத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று கேட்டேன். போலீஸ், டீச்சர், நர்ஸ், கம்பெனி. அதோடு நின்றுபோனது. கம்பெனியில் என்னடா வேலை என்றால், “கம்பெனி வேலைதான் சார்” என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை. இத்தனை வருஷம் பாடம் நடத்திக் கிழித்தும் இந்தக் கேள்வியை ஒருநாள்கூடக் கேட்காத என் மேல்தான்.

அடுத்த வாரம் ஒவ்வொருவரும் எழுந்து வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் என்றேன். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற பெண் ஒருத்தி எழுந்து, “நைனா எலி புடிக்கும் சார். வெறகு வெட்டும்” என்றாள். வகுப்பே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் வீட்டு வரப்பில் எலி வளை தோண்டியதே அவள் அப்பாதான். நான் மேஜையைத் தட்டி எல்லோரையும் அதட்டினேன். அவள் சாதாரணமாக உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். எனக்குத்தான் காது சுட்டது.

பிறகு அவர்களை வெளியே அழைத்துப் போக ஆரம்பித்தேன். ஒரு வங்கி, ஒரு சரக்குக் கிடங்கு, கார் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலை, கடைசியாக ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த அம்மா நல்ல மனுஷி. வரிசையாக வந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள் என்றார். இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற அந்தப் பெண் குனிந்தவள் குனிந்தவள்தான். பின்னால் நின்றவள் முதுகில் இடித்தும் நகரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “சார், இந்த வேலைக்கு இன்னா படிக்கணும்?”

சொன்னேன். அன்றிலிருந்து அவள் படித்த படிப்பை நான் பார்த்திருக்கிறேன். உயிரியல் டீச்சரை ஸ்டாஃப் ரூமில் சாப்பிடக்கூட விடமாட்டாள். நல்ல மார்க் வாங்கினாள். லேப் டெக்னீசியன் படிப்புக்குக் கலந்தாய்வில் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம் என்று கணக்குப் போட்டு நானே அவளிடம் சொன்னேன். ஒன்றுதான் பாக்கி. சாதிச் சான்றிதழ். அவர்கள் குடியிருப்பில் ஒருவரிடமும் அந்தக் காகிதம் கிடையாது. பள்ளிப் பதிவேட்டில் வாய்ச்சொல்லாக எழுதியிருந்ததை வைத்தே அவள் பன்னிரண்டு வகுப்பையும் தாண்டியிருந்தாள்.

மனுவோடு வைக்கப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதை நான்தான் எழுதினேன். அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் எழுதி, தந்தையின் தொழில் என்கிற இடத்துக்கு வந்ததும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ‘விவசாயம்’ என்று எழுதினேன்.

எங்கள் பள்ளி வழக்கம் அப்படி. பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் விவசாயம், அவர் வயலில் களை பறிப்பவரும் விவசாயம். கௌரவமாக இருக்கட்டுமே என்று எழுதுவது. நல்லது செய்கிறோம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் கௌரவம் யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

விசாரணைக்கு அவர்கள் குடியிருப்புக்கே ஓர் அதிகாரி வந்தார். நானும் மிடுக்காகப் போய் நின்றேன். கும்பிடுகிற சாமி எது என்று கேட்டார், கல்யாண வழக்கத்தைக் கேட்டார். அவள் அப்பா எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். கடைசியில் என்ன வேலை என்றார்.

“எலி புடிக்கிறேன் சார். எங்க அப்பனும் அதான்.”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “விவசாயம்னு இருக்கே. நிலம் எவ்வளவு இருக்கு?”

“எங்களுக்கு ஏது சார் நெலம்? இந்த வூடே பொறம்போக்குல கீது.”

“அப்ப இதுல இருக்கிறது பொய்யா, நீ சொல்றது பொய்யா?”

அவள் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் வந்து, “அது சும்மா பொதுவா எழுதுறது சார்” என்றேன். சும்மா எழுதியதில் பள்ளி முத்திரை எப்படி வந்தது என்று கேட்டார் அவர். மனுதாரரின் வாக்குமூலம் ஆவணத்தோடு முரண்படுகிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பாம்புக்கும் எலிக்கும் பழகிய அந்தக் குடும்பம், என் ஒரு வார்த்தையால் பொய்ச் சான்றிதழ் கேட்கிற குடும்பமாகிவிட்டது.

மறுநாளே வேறு கடிதம் எழுதிக்கொண்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓடினேன். மறுவிசாரணை என்றார்கள். அதற்கு மேலிடத்து உத்தரவு வர வேண்டும் என்றார்கள். எத்தனை முறை போனேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அவளும் வந்து அந்த வராந்தாவில் சுவரோரமாக நின்றாள். கலந்தாய்வு முடிந்தது. கல்லூரியும் திறந்தது. சான்றிதழ் வந்தபோது ஏரியில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. அதற்குள் அவள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு காலையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்றிருந்தாள். எதிரே நிற்கவே கூசியது. என் தப்புதாம்மா என்றேன்.

“நீங்க எழுதறப்போ பார்த்துக்கினுதான் சார் இருந்தேன். நைனா வேலைய எழுத உங்களுக்கு ஒரு மாதிரியா கீதுன்னு நெனச்சிக்கினேன். அதான் ஒண்ணும் கேக்கல.”

அடுத்த வருஷம் கலந்தாய்வுக்கு மறுபடி மனு போடலாம், நானே கூட வருகிறேன் என்றேன். அவள் சான்றிதழை மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.

“எனக்கு வாணாம் சார். நான் படிக்கப் போனா வூட்ட யாரு பாப்பாங்க? தம்பி அடுத்த வருசம் பன்னெண்டாவது வர்றான். அவன எங்க வோணும்னாலும் இட்டுக்கினு போய்க் காட்டுங்க.”

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“அவன் பேப்பர மட்டும் நீங்க எழுதாதீங்க சார். நான் எழுதிக்கிறேன்.”

சரிம்மா என்றேன்.