கட்டை கலைக்கும் நேரத்துப் போர்

ஃபிதென்சியோ மாத்தோஸ் கிழக்கே தலைநகர் வரைக்கும் போயிருக்கிறார், மேற்கே ஹெய்ட்டி எல்லைச் சந்தை வரைக்கும் போயிருக்கிறார். அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். பாஸ்போர்ட் கிடையாது. பனியைத் தொட்டது பிரிட்ஜுக்குள் மட்டும். ஆனால் உக்ரைனில் எந்த ஆற்றுக்கு எந்தப் பக்கம் சேறு அதிகம், எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

எங்கள் ஊரான அசுவாவின் நெடுஞ்சாலையோரத்தில் அவருக்குப் பஞ்சர் கடை. கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, தலைக்கு மேல் கயிற்றில் தொங்கும் டியூப்கள். ஆணியில் மாட்டிய செல்போனில் ஸ்பெயின்காரர் ஒருவர் நாள் முழுக்கப் போர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பார். வாழைக்காய் லாரி டிரைவர்களுக்கு இந்தக் கடையின் வழக்கம் தெரியும். ரஷ்யா ஜெயிக்கிறது என்று சொன்னால் டயர் பத்து நிமிஷத்தில் தயார். மாற்றிச் சொன்னால் கழற்றிய நட்டுகளையெல்லாம் தரையில் படைப்பிரிவுகளாக அடுக்கி விளக்கி முடித்த பிறகுதான் ஒட்டு வேலை தொடங்கும். அவசரக்காரர்கள் எல்லாரும் ரஷ்யாவை ஆதரித்தார்கள். அதையும் தம் கட்சிக்கு மக்கள் ஆதரவு என்றே அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அவர் அந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. போர் தொடங்கிய வாரத்தில் ஒரு வீடியோ பார்த்தார். ரஷ்யாவின் எட்டுச் சக்கரக் கவச வண்டி ஒன்று ஓடிக்கொண்டே தன் டயருக்குத் தானே காற்று நிரப்பிக்கொண்டது. முப்பது வருஷமாக நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து ஜாக்கி போட்ட மனிதர் அதற்கு மேல் என்ன செய்வார்? பஞ்சருக்கு நிற்காத சேனை எப்படித் தோற்கும் என்று கேட்டார்.

பதில் வைத்திருந்தவர் ஒப்துலியோ, எலக்ட்ரீஷியன். அவரும் ஒரு வீடியோதான் பார்த்திருந்தார். குண்டு விழுந்து சாய்ந்த மின்கம்பத்தை உக்ரைன்காரர்கள் கொட்டுகிற பனியில் ஏறி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் காற்று பலமாக அடித்தாலே மூன்று நாள் கரன்ட் வராது, இவர்களை எவன் ஜெயிக்க முடியும் என்றார் அவர்.

ஒப்துலியோ மகளுக்கு ஃபிதென்சியோ ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த உறவில் வாங்க போங்க என்பதைக் கைவிட முடியாது. எனவே இருவரும் மரியாதை குறையாமல்தான் திட்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் ஒரே அணி. நூரிஸ் அம்மாள் மளிகைக்கடை வாசலில் சாயங்காலமானால் டொமினோ மேசை போடுவார்கள். புள்ளி போட்ட கட்டைகளை எண்ணுக்கு எண் பொருத்தி வரிசையாக வைக்கும் ஆட்டம்; நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஃபிதென்சியோவும் ஒப்துலியோவும் எதிரெதிரே உட்கார்ந்தால் எங்கள் பேட்டையில் அவர்களை அடிக்க ஆளில்லை. போர் வந்த பிறகு ஆட்டம் நடுவிலேயே நின்றுவிடும். ஒருமுறை ஒப்துலியோ ஏதோ ஒரு நதியை வரைந்து காட்ட பீரை மேசையில் ஊற்றினார். அன்றுதான் நூரிஸ் அம்மாள் சட்டம் போட்டார்: கட்டை கலைக்கும்போது மட்டும் போரைப் பற்றிப் பேசலாம். கட்டையை எடுத்து நிறுத்திவிட்டால் மூச்சு விடக்கூடாது. மீறினால் அன்றைக்கு பீர் கிடையாது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் ஊரில் தோற்ற அணிதான் கட்டையைக் கவிழ்த்துப்போட்டுக் கலைக்க வேண்டும். கலைக்கிறவர் கை ஓயும்வரை பேச்சு ஓடும். ஃபிதென்சியோ கலைக்க ஆரம்பித்தால் உள்ளங்கையால் மேசையைத் தேய் தேய் என்று தேய்த்து மூன்று போர்முனைகளையும் சுற்றி வந்துவிட்டுத்தான் நிறுத்துவார். கொஞ்ச நாளில் ஜெயிக்கவே பிறந்த அந்த அணி அடிக்கடி தோற்க ஆரம்பித்தது. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஸ்பெயின்காரர் புது வீடியோ போட்ட நாள்களில் தோல்வி சற்று விரைவாக வந்தது.

இது மிலெதி காதுக்குப் போனது. மிலெதி ஃபிதென்சியோவின் மனைவி. வீட்டில் கவர் ஐஸ் செய்து விற்பவர். புளி, தேங்காய்ப்பால், பேஷன் ப்ரூட் என்று நீள நீளப் பையில் உறையவைத்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கொடுப்பார். மத்தியானம் கரன்ட் போனால் எல்லாம் சர்பத்தாகிவிடும், பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் கரன்ட் போகாத மத்தியானமே இல்லை. அப்போதுதான் ரெமேதியோஸ் மாதா திருவிழாவுக்கான டொமினோ போட்டியின் பரிசை அறிவித்தார்கள். பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர்.

ஒப்துலியோ வீட்டில் ஏற்கனவே இன்வெர்ட்டர் இருந்தது, எலக்ட்ரீஷியன் வீடாயிற்றே. ஜெயித்தால் பரிசு உங்களுக்குத்தான் கொம்பாத்ரே என்று அவரே சொல்லிவிட்டார். மிலெதி இருவரையும் சமையலறையில் உட்காரவைத்துச் சோறும் அவரைப்பயறும் பொரித்த வாழைக்காயும் போட்டு, தட்டு காலியானதும் சொன்னார்:

"எனக்கு ரஷ்யாவும் வேணாம், உக்ரைனும் வேணாம். பிரிட்ஜ் ஓடணும். திருவிழா முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு ஆடுங்க."

போர்நிறுத்தம் ஏற்பட்டது. உலகத்தின் பெரிய சபைகள் செய்ய முடியாததை ஒரு தட்டு வாழைக்காய் செய்தது. இருவரும் பேசாமல் ஆடினார்கள், ஆடிய எல்லாவற்றிலும் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டத்தில் எதிர் அணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து பேக்கரி அண்ணன் தம்பிகள். கோயில் சதுக்கத்தில் மேசை, சுற்றிலும் இரண்டு பேட்டை ஜனமும். மிலெதி முதல் வரிசையில் விசிறியோடு நின்றார். மேடையில் இன்வெர்ட்டருக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

புள்ளிகள் நெருக்கிப்பிடித்து வந்தன. இன்னும் ஒரு கை, அதாவது ஒரே ஒரு சுற்று, அதில் ஜெயிக்கிறவர்களுக்குப் பரிசு என்ற நிலை. அதற்கு முந்தைய கையை நம் ஆட்கள் தோற்றிருந்ததால் ஃபிதென்சியோ கலைத்தார். சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ரஷ்யப் படை அன்று காலை, வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஊரை விட்டு வெளியேறியிருந்தது. எதிரே இருந்த ஒப்துலியோவுக்குச் செய்தியை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. கொம்பாத்ரேயின் முகமே சொல்லிவிட்டது.

"ஓடிட்டாங்களா?" என்றார் மெதுவாக.

"ஓடல. வழி விட்டிருக்காங்க. உள்ள வரவிட்டு அடிக்கிறதுக்கு."

"போன மாசம் என் ஆளுங்க ஒரு ஊரை விட்டப்போ என்ன சொன்னீங்க?"

"அது தோல்வி. இது உத்தி."

ஃபிதென்சியோவின் உள்ளங்கை வேகமாகச் சுற்றியது. கட்டைகள் மேசை விளிம்பு வரை ஓடித் திரும்பின. ஒப்துலியோ ஒரு கட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"உங்க ஆளுங்க மாதிரிதான் நீங்களும், கொம்பாத்ரே. தோத்தாத்தான் பேச்சு நல்லா வருது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மிலெதி விசிறுவதை நிறுத்தினார். நடுவர் கைகாட்ட, நால்வரும் ஏழேழு கட்டைகளை எடுத்து நிறுத்தினார்கள். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

டொமினோவில் கூட்டாளிகள் கட்டையால் மட்டும்தான் பேசிக்கொள்ள முடியும். இரட்டை ஐந்தை ஒருவர் சீக்கிரமே இறக்கினால், என்னிடம் ஐந்து நிறைய இருக்கிறது, இந்த முனையை அடைக்காதே என்று அர்த்தம். கூட்டாளியின் முனையை அடைப்பதைப் போன்ற துரோகம் எங்கள் ஊரில் இல்லை. பொருந்த வேறு கட்டையே கையில் இல்லாதபோது மட்டும் அடைக்கலாம், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். இது பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஃபிதென்சியோ இரட்டை ஐந்தை இறக்கினார். அடுத்து பேக்கரித் தம்பி மறுமுனையை இரண்டாக்கினான். ஒப்துலியோ தம் கட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஐந்து-மூன்றை எடுத்து வைத்து ஐந்தை அடைத்தார்.

வேறொரு நாளாக இருந்தால், பாவம், கையில் இரண்டு இல்லை என்று ஃபிதென்சியோ நினைத்திருப்பார். அன்று அந்தக் கட்டையில் அவர் கேட்டதெல்லாம் கட்டை கலைத்தபோது கேட்ட பேச்சின் மிச்சம். காதுமடல் சிவந்தது. ஆட்டம் சுற்றி வந்தது. கடைசியில் ஒரு முனையில் ஒன்று என்ற எண் நின்றது. அது ஒப்துலியோ திறந்துவைத்த முனை, அவர் கையில் ஒரே ஒரு கட்டைதான் மீதி. ஃபிதென்சியோவிடம் மறுமுனைக்குப் பொருந்தும் கட்டை இருந்தது. அதை அங்கே இறக்கியிருந்தால் போதும், ஒன்று திறந்தே இருந்திருக்கும். அவர் ஒன்று-நான்கை எடுத்து ஒன்றை அடைத்தார். மேசையில் ஓங்கி அறைந்துதான் வைத்தார்.

பேக்கரித் தம்பி அந்த நான்கின் மேல் தன் கடைசிக் கட்டையை வைத்தான்.

ஒப்துலியோ தம் மிச்சக் கட்டையைத் திருப்பிக் காட்டினார். இரட்டை ஒன்று. அவர் இறக்கிய கட்டைகளும் மேசை மேல்தான் இருந்தன. அவருக்கு வந்த ஏழில் ஒரு இரண்டுகூட இல்லை. ஃபிதென்சியோ அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. ரிப்பன் கட்டிய இன்வெர்ட்டரை அந்தப் பக்கத்துப் பேட்டை தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது. தூக்கிப்போனவர்கள் எந்த நாட்டை ஆதரித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"நீங்க எந்தப் பக்கம் ஆடினீங்க, கொம்பாத்ரே?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒப்துலியோ எழுந்து போனார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஃபிதென்சியோ மிலெதிக்கு விளக்கினார். மொத்தக் கைகளை எண்ணினால் நாம்தான் அதிகம் ஜெயித்தோம். ஆட்டம் முழுக்க நம் பிடியில்தான் இருந்தது. கடைசிக் கை ஒரு சறுக்கல், அதை வைத்து முடிவு சொல்வது அவசரம். நீண்டகால நோக்கில் பார்த்தால் அவர்கள் களைத்துவிட்டார்கள். மிலெதி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது கரன்ட் போயிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேக்கரி மாடி ஜன்னலில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

"எல்லாம் சரி," என்றார் மிலெதி. "யார் வீட்ல ஃபேன் ஓடுது?"

ஃபிதென்சியோவின் நீண்டகால நோக்கு அத்தோடு முடிந்தது.

போர் அங்கே இன்னும் நடக்கிறது. சாகிறவர்கள் யாருக்கும் எங்கள் மேசையைத் தெரியாது. ஒப்துலியோ இப்போது நூரிஸ் அம்மாளின் மருமகனைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டிருக்கிறார். சுமாராக ஆடுகிறான், போரைப் பற்றி எதுவும் தெரியாது, அதனால் அவருக்குக் கொஞ்சம் சலிப்பு. ஃபிதென்சியோ மத்தியானம் கரன்ட் போன உடனே பஞ்சர் கடையை அப்படியே போட்டுவிட்டு வருகிறார். நூரிஸ் அம்மாளிடம் ஒரு பாளம் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றித் தோளில் ஏற்றி, மிலெதியின் பிரிட்ஜுக்குள் அடுக்க எடுத்துப்போகிறார். கரன்ட் போன மத்தியானங்களில் டொமினோ அப்போதே தொடங்கிவிடும், அதனால் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதுகெல்லாம் சொட்டச் சொட்ட அவர் நடந்துபோவதைப் பார்த்து நேற்று ஒப்துலியோ கட்டை கலைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"போர்முனையில என்ன நிலவரம், கொம்பாத்ரே?"

பல மாதங்களுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஃபிதென்சியோவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். நின்று பேச ஐஸ் விடவில்லை.

"சப்ளை போயிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டார்.