பிராங்கிளின் செய்த மீன் வண்டி

என் தம்பி பிராங்கிளின் ராயபுரத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். அவன் பற்றவைத்த இடம் விட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

2002-ல் எதிர்வீட்டு ஞானபாக்கியம் அக்காவுக்காக அவன் ஒரு வண்டி செய்தான். அவள் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து காலடிப்பேட்டைத் தெருக்களில் விற்பவள். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனி தலைச்சுமை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகாவிட்டால் வாடிக்கை வீடுகள் கைவிட்டுப் போகும். புருஷன் இல்லாதவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

சைக்கிள் சக்கரங்கள், மேலே மூடி போட்ட தகரப்பெட்டி, ஐஸ் தண்ணீர் வடிய அடியில் குழாய். நானே தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். வேறெங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முதல் நாளே பாதி மீன் திரும்பி வந்தது. அடுத்தடுத்த நாளும் அப்படியே. அதே மீன், அதே தெரு, அதே விலை. மூடி மறைக்கிறதோ என்று கழற்றினோம். சக்கரச் சத்தமோ என்று எண்ணெய் விட்டோம். ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி தலையில் சுமக்கலாம் என்று ஞானபாக்கியம் பழைய கூடையைக் கழுவி வைத்தாள்.

பிராங்கிளின் லீவு போட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்து பார்த்தான்.

"வண்டி நல்லாத்தான் கீதுக்கா. ஆனா அந்தப் பொம்பளைங்களுக்கு அதுல வேலையே இல்ல" என்றான் என்னிடம்.

கூடையை இறக்கவும் திரும்ப ஏற்றவும் வீட்டுக்காரி வாசலுக்கு வந்து ஒரு பக்கம் பிடித்தாக வேண்டுமாம். பிடிக்கும்போதே மகளுக்குச் சீமந்தம் என்பாள், மாமியாருக்குக் காய்ச்சல் என்பாள். பிறகு வாங்காமல் அனுப்ப மனம் வராது. வண்டிக்கு யாரும் வர வேண்டியதில்லை. மாடியிலிருந்தே விலை கேட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

அடுத்து அவன் செய்ததுதான் பெரிய குழப்பம். பெட்டியை வண்டியிலிருந்து தனியாக அறுத்தெடுத்து, இரு பக்கமும் கைப்பிடி வைத்து, இரண்டு பேர் பிடித்தால்தான் இறக்க முடியும் என்று மாற்றிவிட்டான். இடுப்பு உயரம்தான், கழுத்துக்குப் பாரமில்லை. சுலபமாக இருந்ததை ஏன் கெடுக்கிறாய் என்று சண்டை போட்டேன்.

"இன்னாடி, உன் தம்பி லூசாயிட்டானா?" என்றாள் ஞானபாக்கியம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். முதல் வீட்டு வாசலில், "ம்மா, ஒரு கை புடி" என்று குரல் கொடுத்தாள். அந்த அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து பிடித்தாள். பிடித்தபடியே கோபித்துக்கொண்டாள்.

"இத்தினி நாளா எங்க போன? ஆளையே காணோம்."

தினமும் வண்டியோடு அதே வாசலில் நின்றவள்தான் ஞானபாக்கியம். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அந்த அம்மா சங்கரா மீனைப் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.

அன்று மீன் மிஞ்சவில்லை. வேலைப்பாட்டில் முதல் வண்டிதான் சரி என்று இன்னமும் எனக்குத் தோன்றுகிறது.